இடது முழங்கையில் ஈரம்

ப்ளைனாயில் மழையைத் தேடிப் போக வேண்டியதில்லை.
கதவைத் திறந்தால் போதும்,
சிலேட்டுக் கூரைகளின்மேல் சாய்ந்தபடி
வேலைக்குத் தயாராய் நிற்கும்.
சம்பளம் கேட்காத என் ஒரே உதவியாள்.

முதலில் தராசு.
மாவு நிறுக்கும் அதே சமையலறைத் தராசு.
மழைச்சட்டையின் சீட்டில் முந்நூற்றுப் பத்து கிராம்;
தட்டில் முந்நூற்று நாற்பத்தாறு.
முப்பத்தாறு கிராம் பொய்,
ஒரு கோழிமுட்டையைவிட லேசு.
மலையில் எந்தத் தோளும் அதைக் கண்டுபிடிக்காது.
ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

பிறகு மொயில்வின் மலை.
தலைமூடியின் கயிறு கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது.
நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினேன்,
எண்ணியதை மறந்துபோனேன்,
மறந்ததையும் எழுதினேன்.
மூன்று மணி பதினோராம் நிமிடத்தில்
இடது முழங்கையில் ஒரு குளிர்,
நாக்கின் நுனி பட்டதுபோல.
முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்கள்.
என் பிழைப்பு அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது:
எப்போது நனைந்தது,
எந்தத் தையல் வழியே.

போன மார்ச்சில் தபால்காரர் ஹெஃபின்
ஒரு பெட்டியைச் சுமந்துவந்தார்.
உள்ளே கூடாரம், ஒரு டப்பா சாக்லேட்,
கையால் எழுதிய கடிதம்:
‘அன்புள்ள நெரிஸ், உங்கள் நேர்மையை
நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் தெரியுமா...’
மதிக்கிறவர்கள் எதற்கு அதற்குத் தீனி போடுகிறார்கள்?
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்;
சாக்லேட் தின்றவள் எதைக் குடிக்க வேண்டிவருமோ.
ஹெஃபின் அதே மழையில் பெட்டியைத் திருப்பி எடுத்துப்போனார்.

ஒன்றை மட்டும் தின்றேன்.
அதன் விலைக்குத் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்தேன்.

இதெல்லாம் சுலபம்.
அந்நியரிடம் கறாராய் இருக்க யாருக்கும் வரும்.

பச்சை நாடா வைத்த அந்த மலைக்காலணி —
நான்கு குளிர்காலம், அறுநூறு மைல்.
அதன்மேல் எனக்கு இருந்தது அபிப்பிராயம் இல்லை, பிரியம்.
‘ஈரக் கல்லில் பிடி விடாது’ என்று
என் மாத ஏட்டில் அச்சடித்தேன்,
ஒவ்வோர் ஆண்டும் அதே வரியை.

நவம்பரில் ஒரு கடிதம்.
பென்சிலில், கோணல்மாணலாக,
டோல்கெல்லாயிலிருந்து, கைன்வென் என்று ஒருத்தி:
‘நீங்கள் சொல்லித்தான் வாங்கினேன்.
ஈரச் சிலேட்டில் வழுக்கியது.
வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள்,
இது இடது கையெழுத்து, மன்னிக்கவும்.
கோபமில்லை. உங்களுடையது
எந்த வருஷம் செய்தது என்று மட்டும் சொல்வீர்களா?’

கடைக்குப் போனேன். புதிய ஜோடி, என் காசு.
அதே பெயர், அதே பச்சை நாடா.
அடியில் நகத்தால் கீறினேன்,
கோடு விழவில்லை.
மூடிய சுரங்கத்தின் சரிவில்
ஈரப் பலகையை ஒவ்வொரு பாகையாய் உயர்த்தி
இடுப்பில் கயிறோடு ஏறி நின்றேன்.
பதின்மூன்றில் கால் என்னை விட்டுப் போயிற்று.
பழைய ஜோடி இருபத்திரண்டு வரை நின்றது.

ரப்பரை மாற்றினார்கள், சொல்லவில்லை.
அப்படி எழுதி முடித்திருக்கலாம், அது பொய்யும் இல்லை.
ஆனால் நான்கு வருஷம்
தராசையும் பலகையையும் வீட்டில் வைத்துக்கொண்டு
அதைக் கவிழ்த்துப் பார்க்காதவள் நான்.
பிடித்துப்போன பொருளை யாரும் மறுபடி நிறுப்பதில்லை.

அதை முதல் பக்கத்தில் போட்டேன்,
மழைச்சட்டைக்கு முன்னால்,
விலைகளை அச்சடிக்கும் அதே தடித்த எழுத்தில்.
எழுபது பேர் சந்தாவை நிறுத்தினார்கள்.
ஒருவர் என்னைத் துணிச்சல்காரி என்று எழுதினார்;
அவருடைய காலணி எந்த வருஷத்தது என்று கேட்டு எழுதினேன்.

கைன்வென்னிடமிருந்து இன்று இரண்டாம் கடிதம்,
எழுத்து கொஞ்சம் நேராகியிருக்கிறது:
‘ஒற்றைக் கையால் நீட்டிப் பூட்டக்கூடிய
ஊன்றுகோல் ஏதாவது உண்டா?’

நான்கு வாங்கிவந்திருக்கிறேன்.
வலது கையை மழைச்சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு
இடது கையால் கதவைத் திறக்கிறேன்.
அதற்கே இரண்டு முயற்சி ஆகிறது.
வெளியே உதவியாள் நிற்கிறது.